மடியை விட்டு இறக்கிய தாய்

 

வீட்டில் ஒரு குழந்தை பிறக்கப் போகிறது என்றால் எத்தனை ஆயத்தங்கள் நடைபெறுகின்றன! பழைய வேட்டிகளைக் கிழித்துத் துவைத்து மடித்து வைக்கிறோம். தொட்டில் கட்ட உத்தரத்தைப் பார்த்து வைக்கிறோம். காதில் பாங்கு சொல்ல யாரை அழைப்பது, ஏழாம் நாள் அகீகாவுக்கு ஆடு எங்கே வாங்குவது, என்ன பெயர் சூட்டுவது என்றெல்லாம் மாதக் கணக்கில் பேசுகிறோம். ஆனால் அந்தக் குழந்தை இவ்வுலகில் மேற்கொள்ளும் முதல் பயணத்தைப் பற்றி நம்மில் எவரும் ஒரு நிமிடமும் சிந்திப்பதில்லை. மருத்துவமனை வாசலிலிருந்து வீட்டு வாசல் வரையிலான பயணத்தைத்தான் சொல்கிறேன். வாசலில் கார் வந்து நிற்கும். யாரேனும் ஒருவர் குழந்தையை மடியில் வைத்துக் கொள்வார். வண்டி புறப்பட்டு விடும்.

நானும் அப்படித்தான் இருந்தேன். என் அறியாமையை அல்லாஹ் எனக்கு உணர்த்திய ஒரு நிகழ்ச்சியை இந்த மாதம் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஒரு தூக்குச் சட்டி கற்பித்த பாடம்

என் தங்கை மகளுக்குச் செங்கல்பட்டில் ஒரு மருத்துவமனையில் தலைப்பிரசவம். ஆண் குழந்தை, மூன்று கிலோ எடை. தங்கையின் வீடு மாமல்லபுரத்தை அடுத்த கடற்கரை ஊரில் இருக்கிறது. துபாயில் பணி புரியும் குழந்தையின் தகப்பனார், பிரசவத்துக்கு மூன்று மாதம் முன்பே ஊருக்கு வந்த நண்பர் ஒருவர் மூலம் பெரிய அட்டைப் பெட்டி ஒன்றை அனுப்பியிருந்தார். பெட்டிக்குள் இருந்தது, கடைக்காரர்கள் ‘கார் சீட்’ என்று சொல்லும் குழந்தை இருக்கை. ‘பிள்ளையை வீட்டுக்கு அழைத்து வரும்போது இதில்தான் வைத்து வர வேண்டும்’ என்று தொலைபேசியிலும் சொல்லியிருந்தார்.

புறப்படும் நாளில் அதைப் பார்த்த என் தங்கை கலங்கி விட்டாள். “பிறந்து நாலு நாள் ஆன பிள்ளையை இதில் கட்டிப் போட்டுக் கொண்டு போவதா அண்ணே? நீங்களே சொல்லுங்கள்” என்றாள். மத்ரஸாவில் ஓதிக் கொடுப்பவன் என்பதால் குடும்பத்தில் எந்தக் கேள்வி எழுந்தாலும் கடைசியில் என்னிடம் வந்து நிற்கும். நான் சற்றும் தயங்காமல், “தாயின் மடியை விடப் பாதுகாப்பான இடம் பிள்ளைக்கு ஏது? அந்தப் பெட்டி பரணில் இருக்கட்டும்” என்று தீர்ப்பளித்து விட்டேன்.

வாடகைக் காரில் புறப்பட்டோம். முன்னிருக்கையில் இருந்த நான், வழியில் போலீசார் நிறுத்துவார்கள் என்று ஓட்டுநர் சொன்னதால் சீட் பெல்ட் அணிந்து கொண்டேன். பின்னிருக்கையில் தாயும் குழந்தையும் என் தங்கையும் இருந்தார்கள். அங்கே எவரும் பெல்ட் அணியவில்லை. அணிய வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை. அவர்களுக்கு நடுவே கஞ்சி கொண்டு போன எவர்சில்வர் தூக்குச் சட்டி இருந்தது.

திருக்கழுக்குன்றத்தைத் தாண்டிய பின்னர், சாலையின் குறுக்கே ஓர் ஆட்டு மந்தை திடீரென்று இறங்கியது. ஓட்டுநர் தம் பலம் முழுவதையும் கொண்டு பிரேக்கை அழுத்தினார். ஆடுகளுக்கு நாலு முழத்துக்கு முன்பாக வண்டி நின்றது. எதன் மீதும் மோதவில்லை. ஆனால் பின்னாலிருந்து பறந்து வந்த தூக்குச் சட்டி, இரண்டு முன்னிருக்கைகளுக்கும் இடையே புகுந்து கியர்த் தண்டில் மோதி நசுங்கியது. தங்கை மகளின் நெற்றி என் இருக்கையின் முதுகில் இடித்தது. குழந்தை? அவள் கைகளை விட்டு வழுகி, முழங்காலுக்கும் முன்னிருக்கைக்கும் இடையே சரிந்து, போர்த்தியிருந்த துணி மாட்டிக் கொண்டதால் தரையில் விழாமல் நின்றது. அல்ஹம்துலில்லாஹ்! ஒரு சிராய்ப்புக் கூட இல்லை.

“கெட்டியாகத்தானே மாமா பிடித்திருந்தேன்” என்று அவள் அழுதபடி சொன்ன வார்த்தை இன்றும் என் காதில் ஒலிக்கிறது. அவள் பொய் சொல்லவில்லை. கெட்டியாகத்தான் பிடித்திருந்தாள். அந்தப் பிடி ஏன் போதவில்லை என்ற கேள்வி பல நாட்கள் என்னை உறங்க விடவில்லை.

பிடி ஏன் போதவில்லை?

நான் கலைப் பட்டதாரி. கணக்கும் பௌதிகமும் எனக்குத் தூரம். எனவே அறிவியல் ஆசிரியராக இருக்கும் நண்பரிடம் சென்றேன். அவர் தாளில் போட்டுக் காட்டிய கணக்கை உங்களுக்கும் சொல்கிறேன்.

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் கார் செல்கிறது என்றால், அதனுள் இருக்கும் மனிதர்களும் பொருட்களும் அதே வேகத்தில்தான் சென்று கொண்டிருக்கிறார்கள். மோதலில் கார் நின்று விடும். உள்ளே கட்டப்படாமல் இருப்பது நிற்காது. அதே வேகத்தில் முன்னோக்கிச் செல்லும். உயரத்திலிருந்து விழுவதோடு ஒப்பிட்டால், 50 கிலோமீட்டர் வேகம் என்பது ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியிலிருந்து, கீழே விழும் பொருள் தரையைத் தொடும் வேகம். அந்த வேகத்தில் செல்லும் காரோடு சேர்ந்து ஓர் உடல் அரை மீட்டர் தூரத்துக்குள் நிறுத்தப்படுமானால், அதன் மீது அதன் எடையைப் போல் சுமார் 20 மடங்கு விசை செயல்படும். மூன்று கிலோ குழந்தையைத் தடுத்து நிறுத்த 60 கிலோ பாரத்தைத் தாங்கும் பலம் கைகளுக்கு வேண்டும். அதுவும் கண்ணிமைக்கும் நேரத்திற்குள்! பிரசவித்து நாலு நாள் ஆன பெண்ணுக்கு மட்டுமல்ல, மல்யுத்த வீரனுக்கும் அது ஆகாத காரியம். போதாக்குறைக்குப் பெல்ட் அணியாத தாயின் உடலும் முன்னோக்கிப் பாயும். அப்போது அணைத்துக் காக்க வேண்டிய அந்த உடலே, குழந்தையை முன்னிருக்கையோடு வைத்து நசுக்கும் பாரமாகி விடும்.

இதைக் கேட்டபோது எனக்கு வியர்த்து விட்டது. மடி குளிருக்குப் பாதுகாப்பு, பசிக்குப் பாதுகாப்பு, அழுகைக்குப் பாதுகாப்பு. ஆனால் ஓடும் வாகனத்தில் அது பாதுகாப்பு அன்று. இது தாயின் அன்பில் உள்ள குறையல்ல. மனிதக் கைகளுக்கு அல்லாஹ் வைத்துள்ள அளவு.

உலகமும் இப்படித்தான் தடுமாறியது

‘தாயின் மடியே போதும்’ என்று தீர்ப்பளித்தவன் நான் ஒருவன் மட்டுமல்லன். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ராபர்ட் சாண்டர்ஸ் என்ற குழந்தை மருத்துவர் பல ஆண்டுகள் போராடியதன் பயனாக, காரில் குழந்தைகளை அதற்குரிய இருக்கையில்தான் அமர்த்த வேண்டும் என்ற சட்டம் 1977 இல் நிறைவேறி 1978 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. அந்நாட்டின் மாநிலங்களில் இத்தகைய சட்டம் கண்ட முதல் மாநிலம் அதுதான். ஆனால் சட்டமன்றத்தினர் அதில் ஒரு விதிவிலக்கைச் சேர்த்து விட்டனர். கையில் ஏந்தியிருக்கும் குழந்தைக்கு இருக்கை தேவையில்லை என்பதே அது. பார்க்கப் பரிவாகத் தோன்றும் அந்த விதிவிலக்குக்குக் ‘குழந்தையை நசுக்கும் விதி’ என்று அதை எதிர்த்தவர்கள் பெயரிட்டார்கள். அனுபவம் அவர்கள் பக்கமே பேசியது. 1981 இல் அந்த விதிவிலக்கு நீக்கப்பட்டது. 1985 க்குள் அந்நாட்டின் 50 மாநிலங்களிலும் குழந்தை இருக்கைச் சட்டங்கள் வந்து விட்டன. சரியாகப் பொருத்தப்பட்ட இருக்கை, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை கார் விபத்தில் இறக்கும் வாய்ப்பை 71 சதவீதம் குறைக்கிறது என்று அந்நாட்டின் சாலைப் பாதுகாப்புத் துறை கணக்கிட்டிருக்கிறது.

நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது. 2019 இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194 பி பிரிவு, 14 வயது நிரம்பாத குழந்தையைச் சீட் பெல்டோ குழந்தை இருக்கையோ இன்றிக் காரில் ஏற்றிச் செல்வதை 1,000 ரூபாய் அபராதத்துக்குரிய குற்றமாக்கியுள்ளது. அது 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் இதை அறிந்திருக்கிறோம்?

பின்னிருக்கையில் இருப்பவருக்குப் பெல்ட் எதற்கு என்று கேட்பவர்கள், டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரிக்கு நேர்ந்ததை நினைவு கூரட்டும். 2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டத்தில் அவர் சென்ற கார் பாலத்தில் மோதியது. முன்னிருக்கைகளில் இருந்த இருவரும் காயங்களோடு உயிர் தப்பினர். பின்னிருக்கையில் பெல்ட் அணியாமல் இருந்த இருவரும் இறந்தனர். விலை உயர்ந்த வாகனமும் கட்டப்படாத உடலைக் காக்க முடியவில்லை.

வளைகுடா நாடுகளில் வாழும் நம் சகோதரர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. ஐக்கிய அரபு அமீரகத்தில் 4 வயது வரையிலான குழந்தைகளுக்குத் தனி இருக்கை 2017 ஜூலையில் கட்டாயமாக்கப்பட்டது. மீறினால் 400 திர்ஹம் அபராதமும், ஓட்டுநர் கணக்கில் 4 கரும்புள்ளிகளும் என்று விதிக்கப்பட்டது. அங்கே அந்த விதிக்குப் பணிந்து பிள்ளையை இருக்கையில் அமர்த்தும் அதே தகப்பன், விடுமுறைக்கு மீனம்பாக்கத்தில் இறங்கியதும் பிள்ளையை மடிக்கு மாற்றி விடுகிறான். நம் ஜி.எஸ்.டி. சாலையும் கிழக்குக் கடற்கரைச் சாலையும் துபாய்ச் சாலைகளை விட ஆபத்துக் குறைந்தவையா? அபராதத்துக்கு அஞ்சிச் செய்ததைப் பிள்ளையின் உயிருக்காகச் செய்யக் கூடாதா?

தவக்குல் என்பது என்ன?

“எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம், ஆயுள் இருந்தால் பிழைக்கும்” என்று சிலர் சொல்வார்கள். ஆயுள் அவன் கையில்தான் உள்ளது. அதில் ஒரு முஃமினுக்கு ஐயமில்லை. ஆனால் ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டு விட்டு அல்லாஹ்வின் மீது நம்பிக்கை வைக்கவா என்று கேட்ட தோழருக்கு, முதலில் கட்டு, பின்னர் நம்பிக்கை வை என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டியதை நாம் சிறு வயது முதல் கேட்டு வருகிறோம். ஒட்டகத்துக்கே கயிறு தேவை என்றால் ஈன்ற குழந்தைக்குத் தேவையில்லையா? வாகனத்தில் ஏறும்போது ஓதும் துஆவை நாவு ஓதட்டும். கை பெல்ட்டை மாட்டட்டும். ஒன்று மற்றொன்றுக்கு எதிரானதல்ல.

மூஸா (அலை) அவர்களின் தாயாரின் வரலாற்றைத் திருக்குர்ஆன் ‘தாஹா’, ‘அல்கஸஸ்’ ஆகிய அத்தியாயங்களில் எடுத்துரைக்கிறது. அதை எத்தனையோ முறை மாணவர்களுக்கு ஓதிக் கொடுத்திருக்கிறேன். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஓதியபோதுதான் ஒரு விஷயம் என் நெஞ்சைத் தொட்டது. பச்சிளம் குழந்தையைக் கொல்லக் காத்திருக்கிறது ஃபிர்அவ்னின் கூட்டம். அப்போது அல்லாஹ் அந்தத் தாய்க்கு, குழந்தையை இன்னும் இறுக அணைத்துக் கொள் என்று அறிவிக்கவில்லை. பாலூட்டு, ஆபத்தை அஞ்சினால் பேழையில் வைத்து ஆற்றில் விடு, பயப்படாதே, கவலைப்படாதே, அவரை உன்னிடமே திருப்பித் தருவோம் என்ற கருத்தில் அறிவித்தான். அந்தத் தாயின் உள்ளம் வெறுமையாயிற்று. அவன்தான் அதை உறுதிப்படுத்தினான். மகள் கரையோரம் தூர நின்று பார்த்துக் கொண்டே போனாள். இறுதியில் குழந்தை தாயிடமே வந்து சேர்ந்தது; அவளது கண் குளிர்ந்தது.

அந்தப் பேழை இறை அற்புதத்தின் பகுதி. நம் காலத்து இருக்கை மனிதர் செய்த சாதனம். இரண்டையும் சமமாக்க நான் துணிய மாட்டேன். ஆனால் அந்த வரலாற்றில் நமக்கொரு படிப்பினை இருக்கிறது. பிள்ளையை மடியை விட்டு இறக்குவதும் சில வேளைகளில் தாய்மையின் கடமையாகிறது. இறக்கி வைப்பது அன்புக் குறைவு அன்று.

எப்படிப்பட்ட இருக்கையைத் தேர்ந்தெடுப்பது?

இனி விஷயத்துக்கு வருகிறேன். கடையில் பல வகை இருக்கைகள் இருக்கும். விலையும் நிறமும் பார்த்து மயங்க வேண்டாம். கீழ்க்காணும் அம்சங்களைப் பாருங்கள்.

முதலாவது, பச்சிளம் குழந்தையின் இருக்கை காரின் பின்புறத்தைப் பார்த்தபடி பொருத்தப்படுவதாக இருக்க வேண்டும். பிறந்த குழந்தையின் உயரத்தில் நாலில் ஒரு பங்கு தலையே. கழுத்தோ இன்னும் உறுதி பெறவில்லை. முன்னோக்கி அமர்ந்திருந்தால், மோதலின்போது உடல் வாரில் நிற்க, தலை மட்டும் முன்னே பாயும். பின்னோக்கி அமர்ந்திருந்தால் தலை, கழுத்து, முதுகு அனைத்தையும் இருக்கையின் முதுகுப்புறமே உள்ளங்கை போல் தாங்கிக் கொள்ளும். சுவீடன் நாட்டுப் பேராசிரியர் பெர்ட்டில் ஆல்ட்மன் என்பவர், விண்வெளி வீரர்கள் மல்லாந்த நிலையில் முதுகால் விசையைத் தாங்குவதைக் கண்டு இந்த யோசனையைப் பெற்றார். 1964 இல் அதன் முதல் மாதிரி சோதிக்கப்பட்டது. இன்றைய ஐரோப்பிய விதியான ஆர் 129 குறைந்தது 15 மாதம் வரை பின்னோக்கியே அமர்த்தச் சொல்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களோ, அந்த இருக்கை தாங்கும் எடையும் உயரமும் எட்டும் வரை பின்னோக்கியே இருக்கட்டும் என்கிறார்கள்.

இரண்டாவது, வகை. கைப்பிடியோடு கூடை போலத் தூக்கிச் செல்லும் இருக்கை, பொதுவாகப் பிறப்பு முதல் 13 கிலோ வரை உதவும். மற்றொரு வகை, முதலில் பின்னோக்கியும் வளர்ந்த பின் முன்னோக்கியும் வைக்கத் தக்கது. அதில் பல 18 கிலோ வரை தாங்கும். செலவைக் கருதுவோர் இரண்டாவதை விரும்பலாம். ஆனால் மிகச் சிறிய குழந்தைக்கு அது அளவாகப் பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே வாங்க வேண்டும். முன்னோக்கி மட்டும் வைக்கும் இருக்கையும், உயர்த்தி மட்டும் காட்டும் பலகை போன்ற இருக்கையும் பச்சிளம் குழந்தைக்கு ஆகவே ஆகா.

மூன்றாவது, சோதனை முத்திரை. ஐரோப்பியத் தரமுள்ள இருக்கையில் ஒட்டப்பட்ட சீட்டில், வட்டத்துக்குள் ஆங்கில ‘ஈ’ எழுத்தும் ஓர் எண்ணும், ஆர் 44 அல்லது ஆர் 129 என்ற குறிப்பும் இருக்கும். இந்தியத் தரத்துக்கு ஏ.ஐ.எஸ். 072 என்று பெயர். இத்தகைய சீட்டு எதுவும் இல்லாத இருக்கை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விட்டு விடுங்கள்.

நான்காவது, உங்கள் காருக்கு அது பொருந்துமா என்பது. சிறிய கார்களில் பின்னோக்கிய இருக்கை அதிக இடம் பிடிக்கும். சில கார்களின் பெல்ட் அதைச் சுற்றி வர நீளம் போதாது. பின்னிருக்கையின் முதுகும் அடியும் சேரும் இடுக்கில் ‘ஐசோஃபிக்ஸ்’ என்ற இரும்பு வளையங்கள் உங்கள் காரில் இருந்தால், அதற்கேற்ற இருக்கையைப் பொருத்துவது எளிது. இல்லையென்றால் தோளையும் இடுப்பையும் சுற்றும் மூன்று முனைப் பெல்ட் வேண்டும். வாங்குவதற்கு முன் கடைக்காரரிடம் சொல்லி உங்கள் காரிலேயே பொருத்திப் பாருங்கள்.

ஐந்தாவது, பிறர் பயன்படுத்திய இருக்கை. நம் குடும்பங்களில் ஒரு பிள்ளையின் தொட்டில் அடுத்த பிள்ளைக்குப் போவது வழக்கம். நல்ல பழக்கம்தான். ஆனால் விபத்தில் சிக்கிய இருக்கைக்குள், கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். பல இருக்கைகளில் உபயோகிக்கத் தக்க காலமும் அச்சிடப்பட்டிருக்கும். அதன் வரலாறு முழுவதும் தெரிந்த உறவினரிடமிருந்து, காலம் கடவாததாக, உதிரிகள் அனைத்தும் சீராக இருந்தால் மட்டுமே பெற்றுக் கொள்ளுங்கள்.

வைக்கும் முறை

நல்ல இருக்கையும் தவறாக வைத்தால் பயன் தராது. பின்னிருக்கையில்தான் வைக்க வேண்டும். முன்னிருக்கைக்கு எதிரே ஏர்பேக் இருக்கும். மோதலில் அது வெடித்து விரியும் வேகம், பின்னோக்கி வைத்த இருக்கையைத் தாக்கிக் குழந்தையின் உயிரையே பறித்து விடும். பொருத்திய பின், பெல்ட் செல்லும் இடத்தில் பிடித்து அசைத்துப் பாருங்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் அசையக் கூடாது.

நம் பக்கத்தில் குழந்தையைத் துணியால் சுற்றிப் பொட்டலம் போல் வைத்துக் கொள்வது வழக்கம். இருக்கையில் அப்படி வைக்கலாகாது. வார் இரு தோள்களின் மீதும், கால்களுக்கு இடையிலும் நேராகப் படிய வேண்டும். மெல்லிய சட்டை அணிவித்து, வாரை மாட்டிய பிறகு, மேலே துணியைப் போர்த்துங்கள். தோள் வார் குழந்தையின் தோள் மட்டத்திலோ சற்றுக் கீழிருந்தோ வர வேண்டும். மாட்டிய பின் தோளருகே வாரை இரு விரலால் கிள்ளிப் பாருங்கள். கிள்ளி எடுக்க வந்தால் தளர்ச்சி இருக்கிறது, இன்னும் இழுங்கள்.

குழந்தையின் முகவாய் நெஞ்சில் படியும்படி தலை கவிழ்ந்து விட்டால் மூச்சுத் தடைபடும். எனவே இருக்கையின் சாய்வு, அதில் காட்டியுள்ள குறிப்புப்படி இருக்க வேண்டும். கூடுதலாகத் தலையணையோ மெத்தையோ திணிக்கக் கூடாது. முதல் சில வாரங்களில் தொடர்ந்து 30 நிமிடங்களுக்கு மேல் இருக்கையில் வைக்க வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் சுமார் 30 கிலோமீட்டர். நடுவே திருக்கழுக்குன்றத்தில் வண்டியை நிறுத்திப் பிள்ளையை எடுத்துப் பாலூட்டி, மீண்டும் வைத்துப் புறப்படலாம். குறைமாதக் குழந்தையாயின் வீடு திரும்பும் முன்பே மருத்துவரிடம் ஆலோசனை பெறுங்கள். வீடு சேர்ந்ததும் இருக்கையிலேயே உறங்க விடாதீர்கள். அது பயணத்துக்கு மட்டுமே உரியது.

நம் வெயிலையும் மறக்க வேண்டாம். வெயிலில் நின்ற காரில் வாரின் உலோகப் பூட்டு பிஞ்சுத் தோலைச் சுட்டு விடும். வெள்ளைத் துணியால் மூடி வைத்து, உட்கார்த்தும் முன் கையால் தொட்டுப் பாருங்கள். ஒரு நிமிடந்தானே என்று பூட்டிய காரில் குழந்தையைத் தனியே விடாதீர்கள்.

தாய் குழந்தையின் பக்கத்தில் அமர்ந்து தன் பெல்ட்டை அணிந்து கொள்ளட்டும். தன் பெல்ட்டையே குழந்தைக்கும் சேர்த்துச் சுற்றிக் கொள்வது கூடாது. மோதலில் தாயின் பாரம் முழுவதும் குழந்தையின் மீது இறங்கி விடும். தூக்குச் சட்டி, தண்ணீர்க் குடம் போன்ற கனத்த பொருட்கள் பின்புறப் பெட்டிக்குப் போகட்டும்.

கார் இல்லாதவர்களுக்கு

“எங்களுக்குக் காரே இல்லையே ஹஜ்ரத்” என்று கேட்கும் வாசகர்கள் பலர் இருப்பார்கள் என்பதை அறிவேன். நானும் இருசக்கர வாகனம் வைத்திருப்பவன்தான். இருசக்கர வாகனத்தில் பச்சிளம் குழந்தையைக் கொண்டு செல்வதைத் தயவு செய்து தவிர்த்து விடுங்கள். 2023 பிப்ரவரி 15 முதல் நடைமுறைக்கு வந்த விதி, 9 மாதம் முதல் 4 வயது வரையுள்ள குழந்தைக்கு உடலோடு இணைக்கும் வாரும் தலைக்கவசமும் வேண்டும் என்கிறது. வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்றும் சொல்கிறது. அதற்கும் குறைந்த வயதுக் குழந்தைக்குத் தலைக்கவசம் தாங்கும் கழுத்தே இல்லை.

அடிக்கடி பயணம் செய்யாத குடும்பம் ஒரு சில நாளுக்காக இருக்கை வாங்க வேண்டியதில்லை. ஒரு மஹல்லாவில் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து நல்ல இருக்கை ஒன்றை வாங்கி, பிரசவம் நடக்கும் வீட்டுக்கு முறை வைத்துக் கொடுக்கலாம். ஜனாஸாவுக்குச் சந்தூக் வைத்திருக்கும் நம் பள்ளிவாசல்கள், பிறக்கும் குழந்தைக்கு ஓர் இருக்கை வைத்திருந்தால் என்ன? ஜமாஅத் நிர்வாகிகள் இதைச் சிந்திக்க வேண்டுகிறேன்.

எந்த வாகனமானாலும் ஓட்டுநரிடம் மெதுவாகச் செல்லச் சொல்லக் கூச்சப்படாதீர்கள். பெண்கள் ஏறிய ஒட்டகங்களைப் பாட்டுப் பாடி விரைவாக ஓட்டிய அன்ஜஷா என்பவரிடம், கண்ணாடிப் பாத்திரங்களைக் கொண்டு செல்வது போல் மென்மையாகச் செல்லும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். பிறந்த குழந்தையை விட மென்மையான கண்ணாடி எது?

பரணிலிருந்து இறங்கிய பெட்டி

நாற்பது நாள் கழிந்தது. குழந்தையைத் தகப்பன் வீட்டுக்கு அழைத்துச் செல்லும் நாள் வந்தது. முந்தின நாளே நான் சென்று, பரணிலிருந்து அந்தப் பெட்டியை இறக்கினேன். உள்ளே இருந்த குறிப்பேட்டைப் படித்துப் பொருத்துவதற்கு எனக்கும் ஓட்டுநருக்கும் ஒரு மணி நேரம் ஆயிற்று. அதற்கு முன் தங்கையிடமும் அவள் மகளிடமும், அன்று நான் சொன்னது தவறு என்று ஒப்புக் கொண்டேன். அறியாமல் சொன்ன தீர்ப்பைத் திரும்பப் பெறுவதில் வெட்கம் எதுவும் இல்லை. பெறாமல் இருப்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

வாரை மாட்டியபோது குழந்தை அழுதது. தங்கையின் முகம் வாடியது. அவள் கையை நீட்டி விடுவாளோ என்று நான் பார்த்துக் கொண்டிருந்தேன். நீட்டவில்லை. “கொஞ்சம் அழட்டும், பத்திரமாகப் போய்ச் சேரட்டும்” என்று சொல்லிப் பக்கத்தில் அமர்ந்து, தன் பெல்ட்டை மாட்டிக் கொண்டாள். வண்டி ஊர் எல்லையைத் தாண்டும் முன் குழந்தை உறங்கி விட்டது. நசுங்கிய தூக்குச் சட்டியை அவள் இன்னும் வைத்திருக்கிறாள். அதில் இப்போது உப்புப் போட்டு வைத்திருக்கிறாள்.

இதைப் படிக்கும் சகோதரியே! உங்கள் வீட்டில் பிரசவம் நெருங்குகிறதா? தொட்டிலைத் தேடும்போதே இதையும் தேடி வையுங்கள். வெளிநாட்டிலிருந்து என்ன வாங்கி வரட்டும் என்று கேட்கும் உங்கள் கணவருக்கோ தம்பிக்கோ, வாசனைத் திரவியத்துக்கு முன் இதை எழுதுங்கள்.

பிள்ளைகள் நமக்குச் சொந்தமானவர்கள் அல்லர். அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அந்த அமானிதத்தைப் பேணும் அறிவையும், பேணிய பின் அவன் மீது மட்டுமே நம்பிக்கை வைக்கும் உள்ளத்தையும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம். வஸ்ஸலாம்.